மந்தி மலையிலிருந்து குதிப்பதில்லை

பட்டிமன்றமோ பள்ளி ஆண்டு விழாவோ, வன்முறையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் ஒரு வாக்கியம் வந்தே தீரும். ஐந்தறிவு மிருகம்கூடத் தன் இனத்தைக் கொல்வதில்லை, ஆறறிவு படைத்த மனிதன்தான் கொல்கிறான் என்பார்கள். அரங்கம் கைதட்டும். கைதட்டியவர் வீட்டுக்குப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டால், தமிழில் குரல் கொடுத்த விலங்குப் படம் அதே சங்கதியை அறிவியல் வேடத்தில் சொல்லும். இந்த மான் இப்படிச் செய்வது இனம் அழியாமல் இருக்க, அந்தச் சிங்கம் அப்படிச் செய்வது இனத்தைப் பெருக்க. மேடை ஒழுக்கம் சொல்லிக் கொடுக்கிறது, படம் உயிரியல் சொல்லிக் கொடுக்கிறது. இரண்டும் காலூன்றி நிற்பது ஒரே நம்பிக்கையின் மேல்: விலங்கின் நடத்தை அதன் இனத்தின் நலனுக்காக அமைந்தது.

இது தவறு. ஓரளவு உண்மை, கொஞ்சம் மிகை என்று சமாதானம் சொல்லித் தேற்ற முடியாத தவறு. இயற்கைத் தேர்வு என்ற கருத்தையே தலைகீழாகப் பிடித்துக்கொள்வதால் வருவது. உயிரியலில் இது 1960-களிலேயே வெளிப்படையாக விவாதிக்கப்பட்டு, அடிபட்டு, ஓரங்கட்டப்பட்டுவிட்டது. நம் மேடைகளுக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

முதலில் கொலைக் கணக்கு. 2016-இல் 'நேச்சர்' இதழில் ஹோசே மரியா கோமெஸ் என்ற ஸ்பெயின் நாட்டு உயிரியலாளரும் அவர் கூட்டாளிகளும் 1,024 பாலூட்டி இனங்களின் சாவுப் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவற்றில் எத்தனை சாவு சொந்த இனத்தாரின் கையால் நேர்ந்தது என்பதுதான் கேள்வி. ஏறக்குறைய பத்தில் நான்கு இனங்களில் அப்படிப்பட்ட கொலை பதிவாகியிருந்தது. பட்டியலின் உச்சியில் இருந்தது புலியோ ஓநாயோ இல்லை, ஆப்பிரிக்காவின் மீர்கேட். பின்னங்காலில் நிமிர்ந்து நின்று சுற்றுமுற்றும் பார்க்குமே, குழந்தைகள் 'எவ்வளவு அழகு' என்று கூவுமே, கீரிக் குடும்பத்துச் சின்னப் பிராணி, அதுதான். பதிவான மீர்கேட் சாவுகளில் ஐந்தில் ஒன்று இன்னொரு மீர்கேட்டால். அதிலும் குட்டிகளைக் கொல்வதில் முன் நிற்பவள் கூட்டத்துத் தலைவி. தனக்குக் கீழே இருக்கும் பெண் ஈன்றதை அவள் பல வேளை விட்டுவைப்பதில்லை. மனிதன் இந்தப் பட்டியலில் யோக்கியன் ஒன்றும் இல்லை, பாலூட்டிகளின் சராசரியைவிடக் கொடியவன்தான். ஆனால் 'அவன் மட்டுமே' என்று சொல்ல வழியில்லை.

சிம்பன்சிகளைப் பற்றியும் இப்படி ஒரு தொகுப்பு 2014-இல் வந்தது. ஐம்பது ஆண்டுகளாகக் கண்காணிக்கப்பட்ட 18 சிம்பன்சிக் கூட்டங்களில், நேரில் கண்டதும் தடயத்தால் முடிவு செய்ததும் சந்தேகப்பட்டதுமாக 152 கொலைகள். மனிதர்கள் காட்டைத் தொந்தரவு செய்ததால் வந்த கோளாறா என்றும் பார்த்தார்கள். தொந்தரவுக்கும் கொலைக்கும் தொடர்பு தெரியவில்லை. இன்னும் சின்ன உயிர் வேண்டுமென்றால் அத்திக் குளவி. உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் பிரேசிலில் காட்டு அத்திக் காய்களைப் பிளந்து பார்த்தார். உள்ளே வாழும் குளவிகளில் சில இனங்களின் ஆணுக்கு இறக்கையே கிடையாது, கத்திரி மாதிரித் தாடை மட்டும் பெரிது. காய்க்குள்ளேயே பிறந்து, அங்கேயே பெண்ணுக்காகச் சண்டையிட்டு, ஒன்றையொன்று துண்டாக்கி, அங்கேயே செத்துக் கிடக்கின்றன. அத்தியைப் பிட்டுப் பார்க்கச் சொல்லும் நம் பழமொழிக்குக்கூட இந்த அளவு தெரியாது.

கொலை இருக்கிறது என்று காட்டிவிட்டால் மட்டும் இந்த நம்பிக்கை சாகாது. 'எங்கோ விதிவிலக்கு' என்பார்கள், 'பைத்தியம் பிடித்த மிருகம்' என்பார்கள். ஆகவே ஒரு கொலையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். ராஜஸ்தானத்து அபு மலை போதும்.

அனுமன் மந்தி என்று சொல்லப்படும் கருமுகச் சாம்பல் குரங்கு வட இந்தியக் கோயில்களிலும் கடைத்தெருக்களிலும் சர்வ சாதாரணம். இதன் கூட்டத்தில் பெரும்பாலும் ஓர் ஆண், பல பெண்கள், அவற்றின் குட்டிகள். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும். ஆண் வளர்ந்ததும் வெளியேறி, வேறு ஆண்களோடு சேர்ந்து திரிந்து, ஏதாவது ஒரு கூட்டத்துத் தலைவனை விரட்டி இடத்தைப் பிடிக்கப் பார்க்கும். 1962-இல் கர்நாடகத்துத் தார்வாடில் யுகிமாரு சுகியாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் இப்படி ஒரு பிடிப்பைக் கண்முன் கண்டார். ஆண்கள் மட்டும் கொண்ட ஒரு கூட்டம் தாக்கியது, பழைய தலைவன் ஓடியது, வந்தவற்றில் ஒன்று மற்றவற்றையும் துரத்திவிட்டுத் தனித் தலைவனாக நின்றது. அதன் பிறகு அது கூட்டத்தின் பால்குடிக் குட்டிகளைக் கடித்துக் கொன்றது. குட்டியை இழந்த தாய்கள் சில நாட்களில் அந்த ஆணோடேயே கூடின. ஜோத்பூரில் எஸ். எம். மோனோத்தும் இதே போன்ற கொலையைப் பார்த்துப் பதிவு செய்தார்.

அன்றைக்கு இதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. குரங்குக் கூட்டம் என்பது ஒவ்வொருவரும் தம் பங்கைச் செய்து கூட்டத்தைக் காக்கும் அமைப்பு என்று எல்லோரும் நம்பிய காலம் அது. குட்டியைக் கொல்வது எந்தக் கூட்டத்தைக் காக்கும்? நெரிசல் மிகுந்து மூளை குழம்பிப்போன குரங்குகள் என்று ஒரு விளக்கம் வைத்தார்கள். ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த சாரா ஹர்டி 1971-இல் அபு மலைக்கு வந்ததும் இந்த நெரிசல் விளக்கத்தைச் சோதிக்கத்தான்.

அபுவில் அவர் கண்டது குழப்பத்தை அல்ல, ஒழுங்கை. குட்டிகள் ஆபத்தில் சிக்கியது கூட்டம் கைமாறும்போதுதான். நெரிசல் எப்போதும் அதே அளவில்தான் இருந்தது. கொல்ல வந்தது வெளியிலிருந்து புதிதாக வந்த ஆண். குறி வைத்தது இன்னும் பால் மறக்காத குட்டியை. பைத்தியத்துக்கு இவ்வளவு தேர்ந்த குறி இருக்காது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அபுவில் ஓர் ஆண் ஒரு கூட்டத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் காலம் சராசரியாக இரண்டு ஆண்டுக்குச் சற்றே கூடுதல். பால் கொடுக்கும் தாய்க்குச் சினைப்பருவம் வராது. குட்டி பால் மறக்க ஓராண்டுக்கு மேல் ஆகும், அதன் பிறகு சினை ஏறக்குறைய ஆறரை மாதம். பொறுமையாகக் காத்திருக்கும் ஆணுக்குத் தன் குட்டி பிறந்து பால் மறப்பதற்குள் பதவிக்காலம் பெரும்பாலும் முடிந்துவிடும், அடுத்து வரும் ஆண் அந்தக் குட்டியைக் கொல்லும். குட்டியைக் கொன்றுவிட்டால் தாய் சில நாட்களிலேயே, அல்லது சில வாரங்களிலேயே, மறுபடி கூடத் தயாராகிவிடும். பொறுமைசாலி ஆணின் வாரிசுகள் குறைவாகவும் கொலைகார ஆணின் வாரிசுகள் அதிகமாகவும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தால், மிஞ்சுவது எந்த ஆணின் குணம்? இதற்கு ஆண் குரங்கு நாட்காட்டி பார்க்க வேண்டியதில்லை, தந்தைமை பற்றி யோசிக்கவும் வேண்டாம். முன்பு கூடிய பெண்ணின் குட்டியை விட்டுவிடு, புதியவளின் கைக்குட்டியைத் தாக்கு என்ற ஒரு போக்கு உடம்பில் இருந்தால் போதும். கணக்குப் போடுவது இயற்கைத் தேர்வு, குரங்கு இல்லை.

இதில் இனத்தின் நலன் எங்கே இருக்கிறது? பாதி வளர்ந்த குட்டிகள் சாகின்றன, தாய்கள் அவற்றுக்குக் கொடுத்த பாலும் உழைப்பும் வீண், கூட்டத்தின் எண்ணிக்கை குறைகிறது. இனத்தின் கண்ணோட்டத்தில் இது சுத்த நஷ்டம். இனத்துக்கு நஷ்டமான ஒரு நடத்தை அந்த இனத்தில் நிலைத்திருக்கிறது என்றால், நடத்தையைச் செதுக்கும் கை இனத்தைப் பார்த்துச் செதுக்கவில்லை. என் வாதத்தின் மையம் இதுதான், மற்றதெல்லாம் துணைச் சாட்சி.

அபுவில் இன்னொரு காட்சியும் உண்டு. ஹர்டி மக் என்று பேர் வைத்த ஆண் ஒரு தாயின் குட்டியைத் திரும்பத் திரும்பத் தாக்கியபோது, குறுக்கே பாய்ந்தது கூட்டத்தின் மிக வயதான பெண், சோல். அது குட்டி போடும் காலத்தைத் தாண்டிய கிழவி. சாப்பாட்டு நேரத்தில் யார் தள்ளினாலும் ஒதுங்கிக்கொள்ளும், கூட்டத்தில் மதிப்பு கடைசி. கை ஊனமான இன்னொரு வயதான பெண்ணையும் சேர்த்துக்கொண்டு, தன்னைவிடப் பெரிய, கூர்ப்பற்கள் நீண்ட ஆணை எதிர்த்து நின்றது. இளம்பெண்கள் தயங்கிய இடத்தில் கிழவிகள் மோதின.

இந்தக் காட்சியைப் பிடித்துக்கொண்டு 'பார்த்தாயா, தியாகம்' என்று மேடைக்காரர் எழுந்துகொள்ளலாம். உட்காரட்டும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்பவை என்று மேலே சொன்னேன். சோல் காப்பாற்றப் பார்த்த குட்டி பேரனாகவோ பேரன் முறையிலோ இருக்க வாய்ப்பு மிக அதிகம். இனி தானே ஈனப் போவதில்லை என்ற கிழவிக்குத் தன் உடம்பைப் பணயம் வைப்பதில் நஷ்டம் குறைவு. இளம் தாய்க்கு முன்னால் இன்னும் பல ஈற்றுகள் உண்டு, அவள் உடம்பைக் காத்துக்கொள்வதில்தான் ஆதாயம். கொலைகாரனையும் காவல்காரியையும் ஒரே கணக்கு விளக்குகிறது. இனநலக் கொள்கையால் கிழவியை ஒருவாறு விளக்கலாம், ஆணை விளக்க வழியே இல்லை. ஆண் ஒரு கோளாறு என்று ஒதுக்கிவிட்டால்தான் அது பிழைக்கும். வேண்டாத சாட்சியை வெளியே அனுப்பிவிட்டுத் தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

நம்மிடம் இதற்கு நேர் எதிரான ஒரு படம் இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது. குறுந்தொகையின் 69-ஆம் பாட்டில், துணை இறந்ததும் மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடும். அற்புதமான பாட்டு, மனிதப் பெண்ணின் கைம்மையைக் குரங்கின் மேல் ஏற்றிய பாட்டு. கவிஞனுக்கு அந்த உரிமை உண்டு. பாடநூல் எழுதுபவருக்கு இல்லை. துணை போன மந்தி என்ன செய்யும் என்று அபுவில் பார்த்தாயிற்று. புது ஆணோடு கூடும், சில வேளை பழைய ஆணின் கருவைச் சுமந்துகொண்டே கூடும். அதற்கும் காரணம் உண்டு, முன்பு கூடிய பெண்ணின் குட்டியை ஆண் விட்டுவைக்கும். குஜராத்தின் கீர் காட்டில் ஸ்தோத்ர சக்ரவர்த்தியும் யாதவேந்திரதேவ் ஜாலாவும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் பெண் சிங்கங்களும் இதே தந்திரத்தைப் பெரிய அளவில் செய்கின்றன. ஒன்றுக்கொன்று பகையான ஆண் கூட்டணிகள் பலவற்றோடும் கூடி, பிறக்கும் குட்டி யாருடையது என்று எந்த ஆணுக்கும் தெரியாமல் குழப்பிவிடுகின்றன. ஆண் ஓர் ஆயுதம் எடுத்தால் பெண் ஒரு கேடயம் எடுக்கிறது. ஒரே இனத்துக்குள் ஆணின் நலனும் பெண்ணின் நலனும் மோதிக்கொள்ளும்போது 'இனத்தின் நலன்' எந்தப் பக்கம் நிற்கும்?

எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், அது சில்லறை வாதம் இல்லை. ஃபிலிஸ் டோலினோ இதே குரங்கை 1950-களின் இறுதியில் வட இந்தியாவில் கௌகோரி, ஓர்ச்சா பகுதிகளில் நெடுநாள் பார்த்தவர். அவர் கண்டது அமைதியான கூட்டங்கள். அபுவின் குரங்குகள் சுற்றுலாக்காரர்கள் போடும் தீனியால் பெருகி நெரிசலில் கெட்டுப்போனவை, அவற்றை வைத்து இயல்பைப் பேசக்கூடாது என்று 1977-இல் கடுமையாக எழுதினார். நியாயமான சந்தேகம்தான், ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. முடிவுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனது நேபாளத்து ராம்நகர் காடு. யாரும் தீனி போடாத அந்தக் காட்டில் கரோலா போரிஸும் கூட்டாளிகளும் மந்திகளின் சாணத்திலிருந்து மரபணுவைப் பிரித்து, யார் யாருக்குத் தந்தை என்று கண்டார்கள். 1999-இல் வெளியான முடிவு: குட்டியைத் தாக்கிய ஆண்கள் அந்தக் குட்டியின் தந்தை இல்லை. அதே தாய்க்கு அடுத்துப் பிறந்த குட்டிக்குத் தந்தையாக இருந்தவை அவற்றில் உண்டு. ஹர்டி 1970-களில் தாளில் போட்ட கணக்கை மரபணு சரிபார்த்துவிட்டது.

இந்த இனநலக் கொள்கை ஒரு காலத்தில் மரியாதையான பேரறிஞர்களின் கொள்கையாக இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1963-இல் எழுதிய புத்தகத்தில், மிருகங்கள் சண்டையை ஒரு சடங்காக்கி, சாகாமல் முடித்துக்கொள்வது இனத்தைக் காக்க என்றார். 1973-இல் நோபல் பரிசு பெற்றவர். அபர்டீனிலிருந்து வின்-எட்வர்ட்ஸ் 1962-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். பறவைகளும் விலங்குகளும் தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே கணக்கெடுத்து, இரை தீர்ந்துபோகாதபடி பிள்ளைப்பேற்றைக் குறைத்துக்கொள்கின்றன என்பது அதன் சாரம். மாலையில் திரளாகச் சுழன்று பறக்கும் ஸ்டார்லிங் பறவைகள் தலை எண்ணிக்கொள்கின்றன என்றுகூட எழுதினார். அவர் செய்த நல்ல காரியம், எல்லோரும் போகிற போக்கில் சொல்லிவந்ததை ஒழுங்கான கொள்கையாக எழுதியது. எழுதியதால்தான் உடைக்க முடிந்தது.

உடைத்தவர்களில் ஒருவர் பறவையியலாளர் டேவிட் லாக். ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகக் கோபுரத்தின் காற்றுத் துளைகளுக்குப் பின்னால் பெட்டிகள் வைத்து, உழவாரக் குருவிகள் கூடு கட்டுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தக் குருவி இரண்டு அல்லது மூன்று முட்டைதான் இடும். வின்-எட்வர்ட்ஸ் சொல்வது சரியானால், அது நான்கு குஞ்சை வளர்க்க முடிந்தும் பொதுநலன் கருதி நிறுத்திக்கொள்கிறது. கிறிஸ்டோபர் பெரின்ஸ் இதைச் சோதித்தார். கூட்டில் வேறு குஞ்சு சேர்த்து நான்காக்கினார். தாய் தகப்பன் இரண்டும் பறந்து பறந்து கொண்டுவந்த பூச்சி நான்கு வாய்க்குப் பங்காகிப் போதாமல் குஞ்சுகள் செத்தன. நான்கு குஞ்சு இருந்த கூட்டிலிருந்து உயிரோடு பறந்து போனவை, மூன்று குஞ்சுக் கூட்டிலிருந்து போனவற்றைவிடக் குறைவு. குருவி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தன்னால் கரை சேர்க்க முடிந்த உச்ச எண்ணிக்கையில்தான் முட்டையிடுகிறது.

தர்க்கமும் இருக்கிறது, அதை வெல்வது கடினம். ஒரு தீவில் எல்லாப் பறவையும் பொதுநலன் கருதி இரண்டு குஞ்சோடு நிறுத்திக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நிறுத்திக்கொள்ளாமல் மூன்று வளர்க்கும் ஒரு பறவை அங்கே தோன்றினால், அடுத்த தலைமுறையில் அதன் வாரிசு மற்றவற்றைவிட அதிகம், அதற்கடுத்து இன்னும் அதிகம். விட்டுக்கொடுத்தவர்களின் சேமிப்பில் விட்டுக்கொடுக்காதவன் செழிப்பான். சில தலைமுறையில் விட்டுக்கொடுக்கும் குணம் தீவிலேயே இருக்காது. ஜார்ஜ் வில்லியம்ஸ் 1966-இல் இதைத்தான் நிதானமாக எடுத்து வைத்தார். இனம் அழிந்து பிறப்பது லட்சக்கணக்கான ஆண்டுக்கு ஒருமுறை. தனி உயிர் பிறந்து சாவது தினம் தினம். தேர்வு எதன் மேல் வேகமாக வேலை செய்யும் என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை.

லோரன்ஸின் 'கண்ணியமான சண்டை'க்கும் பதில் 1973-இலேயே வந்துவிட்டது. மேனார்ட் ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைஸும் விளையாட்டுக் கோட்பாட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள்: எதிராளியிடமும் கொம்பு இருக்கும்போது எடுத்த எடுப்பில் குத்துவது குத்துபவனுக்கே ஆபத்து. ஆகவே முதலில் உறுமி, உடம்பைக் காட்டி, பலம் பார்த்து, வெல்ல முடியாதென்றால் விலகுவதுதான் தன் தோலுக்கு நல்லது. ஸ்காட்லாந்தின் ரம் தீவில் ஆண் சிவப்பு மான்கள் மாறி மாறி உறுமுவதும், பக்கத்தில் பக்கத்தில் நடப்பதும், கடைசியில்தான் கொம்பு கோப்பதும் இதன்படிதான். கோத்துவிட்டால் விட்டுக்கொடுப்பதில்லை, கண் போனதும் கால் போனதும் உண்டு. இனத்தைக் காக்கும் கண்ணியம் என்று நாம் பார்த்தது தன்னைக் காக்கும் ஜாக்கிரதை.

எனக்குப் பிடித்த சாட்சி இதைவிட எளிது. ஆடு வளர்ப்பவரைக் கேளுங்கள், இருபது முப்பது பெட்டைக்கு ஒரு கிடா போதும் என்பார். மீதிக் கிடாக்குட்டிகள் கறிக்குப் போகும். இயற்கையும் இனம் பெருக வேண்டும் என்று நினைக்கும் மந்தைக்காரர் என்றால், யானைச் சீலில் பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் பிறந்தால் போதாதா? கலிபோர்னியக் கரையில் பெரும்பாலான பெண்களைக் கூடுவது ஒரு சில ஆதிக்க ஆண்கள்தான், மற்ற ஆண்களில் பெரும்பாலானவை ஒருமுறைகூடக் கூடாமல் சாகும். ஆனாலும் ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதி பிறக்கின்றன. ரொனால்டு ஃபிஷர் 1930-இல் காரணம் சொன்னார். பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு தந்தை உண்டு. ஆண் குறைவாகப் பிறக்கும் கூட்டத்தில் மகனைப் பெறும் தாய்க்குப் பேரக்குட்டிகள் குவியும். ஆகவே மகன் பெறும் போக்கு பரவிப் பரவி, சரிபாதியில்தான் நிற்கும். இனத்துக்கு உணவு தண்டம். தாய்க்கு ஆதாயம். வென்றது தாயின் ஆதாயம்.

லெம்மிங் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். எண்ணிக்கை மிகுந்ததும் அந்தத் துருவத்து எலிகள் இனத்தைக் காக்கக் கூட்டமாகக் கடலில் விழுந்து தற்கொலை செய்கின்றன என்று படித்திருப்பீர்கள். உலகை நம்பவைத்தது டிஸ்னியின் 1958 ஆவணப்படம், ஆஸ்கரும் வாங்கியது. படம் பிடித்த இடம் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலம், அங்கே கடலே கிடையாது. மானிடோபாவில் சிறுவர்களிடம் விலைக்கு வாங்கி வந்த லெம்மிங்குகளைச் சுழல்மேடையில் ஓடவிட்டு, ஆற்றுக்குள் தள்ளிவிட்டுப் படம் எடுத்தார்கள். 1982-இல் கனடிய வானொலி தொலைக்காட்சி நிறுவனமான சிபிசி இதை அம்பலப்படுத்தியது. தற்கொலை செய்யாத எலிகளைத் தற்கொலை செய்யவைக்க மனிதக் கை தேவைப்பட்டது.

'எல்லாம் சரி, எறும்பு? தேனீ? கத்திக் கூட்டத்தை எச்சரிக்கும் அணில்? கூப்பிட்டு உண்ணும் காக்கை?' இது நல்ல கேள்வி. ஒத்துழைப்பு விலங்குகளிடம் ஏராளம், அதை யாரும் மறுக்கவில்லை. எதற்காக ஒத்துழைப்பு என்பதுதான் வழக்கு. ஹாமில்டன் 1964-இல் கொடுத்த விடை: உடன்பிறந்தாரிடமும் என் மரபணுக்களின் பிரதி இருக்கிறது, அவர்களுக்கு உதவுவதும் அந்தப் பிரதிக்கு உதவுவதே. ஜே. பி. எஸ். ஹால்டேன் 1955-இலேயே ஆற்றில் மூழ்கும் உறவுக்காரரைக் காப்பாற்றப் பாயும் மனிதனைக் கொண்டு இதைத் தொட்டுக் காட்டினார். (அவர் பிறகு இந்தியாவுக்கு வந்து குடியுரிமை பெற்று, புவனேஸ்வரில் இறந்தது ஹாமில்டனின் கட்டுரை வந்த அதே ஆண்டில்.) பால் ஷெர்மன் கலிபோர்னியாவின் டியோகா கணவாயில் தரையணில்களைக் கவனித்து 1977-இல் எழுதினார். எச்சரிக்கைக் குரல் கொடுக்கும் அணில் எதிரியின் கண்ணில் பட்டு ஆபத்தைத் தேடிக்கொள்கிறது. கொடுப்பவை பெரும்பாலும் மகளும் தங்கையும் பக்கத்து வளைகளில் வாழும் பெண் அணில்கள். பிறந்த இடத்தைவிட்டு வந்து சொந்தம் யாருமில்லாமல் வாழும் ஆண் வாயைத் திறப்பது குறைவு. இனத்துக்காகக் கத்துவதென்றால் ஆணும் கத்தியிருக்க வேண்டுமே.

சொந்தம் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த நம் ஊர்க் குளவி, ரோபாலிடியா மார்ஜினேட்டா, அந்த எளிய விடைக்கு அடங்கவில்லை. அதன் கூட்டில் வேலைக்காரிகள் வளர்க்கும் குஞ்சுகள் அவ்வளவு நெருங்கிய சொந்தம் இல்லை. வேலைக்காரி தனியே போய்க் கூடு கட்டவும் முடியும், சிலர் போகவும் செய்கிறார்கள். ஆனால் தனியே கட்டியவள் பாதியில் செத்தால் புழுக்கள் எல்லாம் பட்டினியில் சாகும். கூட்டமாக இருந்தால் அவள் விட்ட இடத்திலிருந்து இன்னொருத்தி தொடர்வாள், பட்ட பாடு வீண்போகாது. தங்கிவிடுபவளுக்கும் இலாபம் உண்டு என்பது கதக்கரின் விளக்கங்களில் ஒன்று.

காக்கைக்கு வருவோம். வள்ளுவர் காக்கையைச் சுற்றம் பேணுவதற்கு உதாரணமாக வைத்தது நமக்குத் தெரியும்.  ஆனால் அதன் பெரிய உறவான ரேவனை அமெரிக்காவின் மெய்ன் காட்டில் பெர்ன்ட் ஹைன்ரிச் பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். செத்த மான் ஒன்று கிடந்தால் அந்த இடத்துக்குச் சொந்தமான முதிர்ந்த சோடி வாயைத் திறக்காது, அமைதியாகத் தின்னும். கத்திக் கூட்டம் கூட்டுவது சோடி சேராத இளம் பறவை. தனியே போனால் அந்தச் சோடி கொத்தித் துரத்திவிடும், கூட்டமாகப் போனால் துரத்த முடியாது. அது அழைப்பது சுற்றத்தை இல்லை, ஆள்பலத்தை. பங்கு கொடுப்பதற்கு முன் தன் பங்கை உறுதி செய்துகொள்கிறது.

குழுவின் நலனுக்காகவும் இயற்கைத் தேர்வு நடக்கும் என்ற 'குழுத் தேர்வு' கொள்கை மறுபடி எழுந்துவிட்டதே என்று படித்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான், டேவிட் ஸ்லோன் வில்சனும் பிறரும் அதைப் புது வடிவில் வாதிக்கிறார்கள். 2010-இல் நோவாக், டார்னிட்டா, எட்வர்ட் ஓ. வில்சன் மூவரும் ஹாமில்டனின் கணக்கையே தாக்கி எழுதினார்கள், அடுத்த ஆண்டு 137 உயிரியலாளர்கள் கையெழுத்திட்டு மறுத்தார்கள். இந்தச் சண்டை முடிந்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தரப்பு பேசுவதும் ஒரே இனத்துக்குள் குழுவும் குழுவும் போட்டியிடுவதைப் பற்றி. பக்கத்துக் குழுவை வெல்வதற்காகச் சொந்தக் குழுவுக்குள் ஒத்துழைப்பது. மொத்த இனத்தின் நலனுக்காக நடக்கும் மிருகத்தை அவர்களும் காட்டவில்லை. நம் மேடைக்கு அங்கேயும் அடைக்கலம் கிடையாது.

கடைசியாக ஒரு கோபம் வரும், வர வேண்டிய கோபம்தான். 'அப்படியென்றால் கொலை இயற்கை என்கிறாயா? மாற்றான் பிள்ளையைக் கொல்வது சரி என்கிறாயா?' இதை என்னிடம் கேட்பதற்குப் பதில் மேடைக்காரரிடம் கேளுங்கள். மனித ஒழுக்கத்துக்குக் குரங்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது அவர், நான் இல்லை. மிருகம் கொல்லாது, ஆகவே நீயும் கொல்லாதே என்று அவர் சொல்லும்போது, மிருகம் கொன்றால் நீயும் கொல்லலாம் என்ற கதவைத் திறந்துவைத்துவிட்டுத்தான் போகிறார். குழந்தையைக் கொல்லக்கூடாது என்பதற்கு மந்தியின் அனுமதி நமக்குத் தேவையில்லை. தேர்வு எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு செய்தி, நாம் எப்படி நடக்க வேண்டும் என்பது நம்முடைய முடிவு. முதலாவதை அழகுபடுத்திக் காட்டினால் இரண்டாவது வலுப்படும் என்று நினைப்பது, பொய்ச்சாட்சியை நம்பி நல்ல வழக்கை நடத்துவது.

ஆகவே வசனம் எழுதுபவர்களுக்கும் பாடநூல் எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'தன் இனத்தைக் காப்பதற்காக' என்று எழுத வந்தால் பேனாவை நிறுத்தி, இந்த நடத்தையால் எந்த உயிருக்கு, எந்தச் சொந்தத்துக்கு, எத்தனை வாரிசு கூடுகிறது என்று கேட்டு, கிடைக்கும் பதிலை எழுதுங்கள். பதில் கிடைக்காவிட்டால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது புரியும்.